1966 ஜூலை 1: அமெரிக்க மருத்துவமனைகளில் நிறப்பிரிவினையை உடைத்தது எது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அமெரிக்காவில் அறுபதுகளில் நடந்த சீர்திருத்தங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பேருந்து, உணவகம், பள்ளிக்கூடம், ஓட்டுரிமை என்று நான்கோடு முடித்துவிடுகிறோம். மருத்துவமனை எப்போதும் விட்டுப்போகிறது. எனக்கு இது நெடுநாள் மனக்குறை. அதனால்தான் இந்த இழை.

1960 வாக்கில் தென் மாநிலங்களின் பல மருத்துவமனைகள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. சேர்த்துக்கொண்டவையும் தனி வார்டில், பெரும்பாலும் அடித்தளத்திலோ பின்கட்டிலோ, படுக்க வைத்தன. கறுப்பின மருத்துவர் தன் நோயாளியை அங்கே சேர்த்துத் தானே சிகிச்சை தர முடியாது. ஒரு வெள்ளைக்கார மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். செஞ்சிலுவைச் சங்கம்கூட 1950 வரை ரத்தத்தை இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தது.

இதையெல்லாம் விட எனக்கு ஆத்திரம் தருவது, வாஷிங்டனே இதற்குப் பணம் கொடுத்தது என்பதுதான். 1946-இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் நாடு முழுக்க மருத்துவமனை கட்ட மானியம் தந்தது. பிரிவினை இருக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவர் கட்டிய வரியும் சேர்ந்துதான் அவர்களை உள்ளே விடாத கட்டடங்கள் எழுந்தன.

இப்படி இருந்த நாட்டில் 1966-இல் சில மாதங்களுக்குள் சுமார் ஆயிரம் மருத்துவமனைகள் தங்கள் வார்டுகளைக் கலந்தன. பள்ளிகளைப் பாருங்கள். 1954-இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பு வந்தது. பத்தாண்டு கழித்தும் தென் மாநிலக் கறுப்பினக் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான் வெள்ளைக் குழந்தைகளோடு படித்தார்கள். பள்ளியில் அவ்வளவு இழுத்தது மருத்துவமனையில் எப்படி இவ்வளவு சீக்கிரம் நடந்தது?

முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பணமும், அந்தப் பணத்துக்குப் போட்ட நிபந்தனையும்தான் காரணம் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி:

நல்ல இழை. ஆனால் பணத்திலிருந்து தொடங்கினால் கதை பாதியில் தொடங்கியது போலாகும். அதற்கு முன் ஒரு வழக்கு இருக்கிறது.

வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்று ஒரு பல் மருத்துவர். கறுப்பினத்தவர். பல்லில் சீழ் கட்டிக் காய்ச்சலோடு வந்த ஒரு நோயாளியை அவர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் இடம் இல்லை, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் இருந்த மோசஸ் கோன், வெஸ்லி லாங் என்ற இரண்டு மருத்துவமனைகளும் அந்த நோயாளியை எடுக்கவில்லை. இரண்டுமே ஹில்-பர்ட்டன் பணம் வாங்கியவை.

1962-இல் சிம்கின்ஸும் வேறு சில மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். தனியார் மருத்துவமனை, அரசு தலையிட முடியாது என்பது தீர்ப்பு. மேல்முறையீட்டில், 1963 நவம்பரில், நான்காவது வட்டார நீதிமன்றம் 3-க்கு 2 என்ற கணக்கில் அதை மாற்றியது. அரசுப் பணத்தில், அரசுத் திட்டத்தின்படி கட்டிய மருத்துவமனை பாகுபாடு காட்ட முடியாது, ஹில்-பர்ட்டன் சட்டத்தில் பிரிவினையை அனுமதித்த வாசகமே செல்லாது என்றது. மத்திய அரசின் நீதித்துறை அந்த வழக்கில் சிம்கின்ஸ் பக்கம் நின்றது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளின் மனுவை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது.

அதே ஆண்டு ஜூலை 2-இல் குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதன் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது. வைகைக்கரை சொல்லும் நிபந்தனை இதுதான். வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பல் மருத்துவர் தன் தொழிலைப் பணயம் வைத்துப் போட்ட வழக்கு அதற்கு வழி திறந்தது.

புதுமாணவன்:

எனக்கு இதெல்லாம் புதிது. ரத்த வங்கியை உருவாக்கியவர்களில் ஒருவரான சார்லஸ் ட்ரூ, விபத்தில் அடிபட்டபோது வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் ரத்தம் இல்லாமல் இறந்தார் என்று படித்திருக்கிறேன். அதுவும் இந்தக் காலம்தானே? அப்புறம், மெடிகேர் முதியவர்களுக்கான காப்பீடு அல்லவா? அது எப்படி வார்டைக் கலக்க வைத்தது?

மருந்துச்சீட்டு:

தம்பி, ட்ரூ பற்றிய அந்தக் கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நடந்தது வேறு. 1950 ஏப்ரல் 1-இல் வட கரோலினாவில் கார் விபத்து. பக்கத்து ஊரான பர்லிங்டனில் இருந்த அலமான்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த வெள்ளைக்கார மருத்துவர்கள் அவசரப் பிரிவில் அவரைக் காப்பாற்றப் போராடினார்கள். காயம் அவ்வளவு கடுமை, பிழைக்க வழியில்லை. உடன் இருந்த கறுப்பின மருத்துவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கதையை மக்கள் நம்பியதற்குக் காரணம் உண்டு. 1931-இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பிரிவின் தலைவராக இருந்த ஜூலியட் டெரிகாட் ஜார்ஜியாவின் டால்டன் ஊர் அருகே விபத்தில் சிக்கினார். உள்ளூர் மருத்துவமனை கறுப்பினத்தவரைச் சேர்க்காது. முதலுதவி செய்து ஒரு வீட்டில் கிடத்தி, பின்னர் சட்டனூகாவுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே இறந்தார். பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கு நடந்ததை மக்கள் பெயர் தெரிந்த ஒருவர் மேல் ஏற்றிச் சொன்னார்கள்.

மெடிகேர் பற்றி வைகைக்கரை சொல்லட்டும். எனக்குச் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வைகைக்கரை:

டாக்டர் ஐயாவுக்கு நன்றி. புதுமாணவன், உங்கள் கேள்விதான் இந்த இழையின் மையம்.

முதலில் மெடிகேர் வந்த வழி. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று காங்கிரஸிடம் கேட்டார். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதை 'சோஷலிச மருத்துவம்' என்று பெயர் சூட்டி, விளம்பர நிறுவனம் வைத்துப் பெரும் பணம் செலவழித்து வீழ்த்தியது. எல்லோருக்கும் என்பது நடக்காது என்று தெரிந்ததும், முதியவர்களுக்காவது என்று கோரிக்கையைச் சுருக்கினார்கள். அதற்கும் எதிர்ப்பு. 1961-இல், அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன் எதிர்த்துப் பேசிய இசைத்தட்டை மருத்துவர்களின் மனைவிமார் வீட்டில் காபிக்கு அழைத்துப் போட்டுக் காட்டி, காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத வைத்தார்கள். அன்றைக்கு முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருத்துவமனைக் காப்பீடே இல்லை.

1964 அதிபர் தேர்தலில் ஜான்சன் பெருவாரியாக வென்றார். காங்கிரஸின் வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் அதுவரை முட்டுக்கட்டை போட்டவர். காற்று திரும்பியதும், எதிரெதிராக இருந்த மூன்று யோசனைகளையும் ஒரே மசோதாவாகச் சேர்த்தார். மருத்துவமனைச் செலவுக்கு 'அ' பகுதி, மருத்துவர் கட்டணத்துக்கு மாதம் 3 டாலர் கட்டி விருப்பப்பட்டுச் சேரும் 'ஆ' பகுதி, ஏழைகளுக்கு மெடிக்கெய்ட். 1965 ஜூலை 30-இல் மிசௌரியின் இண்டிபென்டன்ஸ் ஊருக்கே போய், 81 வயது ட்ரூமனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஜான்சன் கையெழுத்திட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு.

இப்போது வார்டு விஷயம். மெடிகேர் 1966 ஜூலை 1-இல் தொடங்க வேண்டும். சுமார் 1 கோடியே 90 லட்சம் முதியவர்கள் பதிவு செய்திருந்தார்கள். இந்தப் பணத்தை வாங்க வேண்டுமானால் மருத்துவமனை ஆறாம் பிரிவின்படி சான்று பெற வேண்டும். அந்தச் சான்று முதியவர் வார்டுக்கு மட்டும் அல்ல, முழு மருத்துவமனைக்கும். பிரசவ அறை, குழந்தைகள் பிரிவு, சிற்றுண்டிச்சாலை, கழிப்பறை, மருத்துவர் நியமனம், செவிலியர் பயிற்சி எல்லாம் இதில் அடக்கம். இதைப் பார்க்க ஒரு புதிய அலுவலகம் 1966 தொடக்கத்தில்தான் உருவானது. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள். சுகாதாரத் துறையின் மற்ற பிரிவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கடனாக எடுத்து, குறுகிய பயிற்சி கொடுத்து, தென் மாநிலங்களுக்கு அனுப்பினார்கள்.

காகிதத்தில் 'பாகுபாடு இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று பல மருத்துவமனைகள் நினைத்தன. ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. நோயாளியே தன் இனத்தவரோடு இருக்க விரும்புகிறார் என்ற சாக்கையும் ஏற்கவில்லை. எந்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்தார்கள். ஜூலை 1 வந்தபோது நாட்டின் மருத்துவமனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சான்று பெற்றுவிட்டன.

டெல்டாக்காரி:

நான் மிசிசிப்பியில் வசிக்கிறேன். வைகைக்கரை எழுதியதில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஆய்வாளர் வரும் நாள் தெரிந்தால் அன்றைக்கு மட்டும் நோயாளிகளை இடம் மாற்றிக் கலந்து காட்டுவது எவ்வளவு எளிது! அப்படியும் செய்தார்கள். அது எப்படி வெளியே வந்தது?

உள்ளே வேலை பார்த்த கறுப்பின உதவியாளர்கள், சமையல்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், செவிலியர்கள்தான் சொன்னார்கள். அவர்களுக்குத்தான் எந்த வார்டில் யார் என்று தெரியும். வேலை போகும், வீட்டுக்குத் தீ வைப்பார்கள் என்ற பயத்தோடு, தேவாலயத்திலும் வீட்டிலும் ரகசியமாகச் சந்தித்துத் தகவல் கொடுத்தார்கள். கறுப்பின மருத்துவர்களின் தேசிய மருத்துவச் சங்கமும் குடிமை உரிமை இயக்கத்தின் உள்ளூர்க் கிளைகளும் பின்னால் நின்றன. அந்த ஆய்வாளர்களில் பலரும்கூட இயக்கத்தின் மேல் பற்றுள்ளவர்களாக இருந்தார்கள். பணம் ஒரு நெம்புகோல், சரி. அதைப் பிடித்து அழுத்திய கைகள் யாருடையவை என்பதை விட்டுவிட்டுப் பேசாதீர்கள்.

இன்னொன்று. மருத்துவமனைக்குள் போவது மட்டும் மரியாதை ஆகிவிடாது. ஓட்டுரிமைப் போராளியான ஃபேனி லூ ஹேமர் 1961-இல் ஒரு கட்டியை அகற்றும் அறுவைக்காக இங்கே ஒரு மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். இங்கே ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு அது சாதாரணமாக நடந்தது. இதே ஹேமர்தான் 1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் நாடே பார்க்கப் பேசினார். கதவு திறந்த கதையைச் சொல்லும்போது, உள்ளே போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

நான் மருத்துவச் செலவுக் கணக்கு பார்க்கும் வேலையில் இருப்பவன். மெடிகேரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் முன் அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும்.

மருத்துவமனைகளும் மருத்துவர்களும் ஒத்துழைக்க வேண்டும் என்பதற்காக அரசு ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்தது. மருத்துவமனைக்கு அது காட்டும் செலவு முழுவதும், அதற்கு மேல் 2 சதவீதமும். மருத்துவர்களுக்கு வழக்கமாக வாங்கும் 'நியாயமான' கட்டணம். செலவு கூடக் கூட வரவும் கூடும் என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? அமெரிக்க மருத்துவச் செலவு இன்று இருக்கும் நிலைக்கு அங்கே போட்ட விதை ஒரு காரணம். 1983-இல் நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை வைக்கும் முறை வரும் வரை இதற்குக் கடிவாளமே இல்லை.

முதியவர்களின் வாழ்க்கை மாறியது என்பதை நான் மறுக்கவில்லை. 1959-இல் அமெரிக்க முதியவர்களில் 35 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் அது 15 சதவீத அளவுக்கு இறங்கியது. அதில் பெரும் பங்கு சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய உயர்வுக்குப் போகும்.

வைகைக்கரை:

கணக்குப்பிள்ளை, அந்த 2 சதவீதம் வீண் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு தாராளமான பணமாக இருந்ததால்தான் எந்த மருத்துவமனையாலும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கஞ்சத்தனமான திட்டமாக இருந்திருந்தால் அலபாமாவில் பல மருத்துவமனைகள் "உங்கள் பணமும் வேண்டாம், நிபந்தனையும் வேண்டாம்" என்று கதவைச் சாத்தியிருக்கும்.

மருந்துச்சீட்டு:

சொல்ல வேண்டும் என்றேனே, அது 'ஆ' பகுதியைப் பற்றி. மருத்துவமனைக்குப் போட்ட நிபந்தனையை மருத்துவர்களின் தனிக் கிளினிக்குகளுக்குப் போடவில்லை. 'ஆ' பகுதிப் பணம் நோயாளியின் காப்பீட்டுத் தொகை, அரசு மானியம் அல்ல என்று விளக்கம் சொல்லி மருத்துவர்களுக்கு ஆறாம் பிரிவிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். மருத்துவர் சங்கத்தோடு இன்னொரு சண்டை வேண்டாம் என்ற கணக்கு.

நான் எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் படித்து முடித்துத் தென் மாநிலம் ஒன்றின் சிற்றூருக்கு வேலைக்கு வந்தவன். மருத்துவமனை வார்டில் எல்லோரும் கலந்துதான் இருந்தார்கள். அதே தெருவில் ஒரு மூத்த மருத்துவரின் கிளினிக்கில் இரண்டு வாசல், இரண்டு காத்திருப்பு அறை. பலகை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் யார் எந்த வாசலில் நுழைவது என்று ஊருக்கே தெரியும். முதல் தடவை நான் உள்ளே போனபோது எந்த வாசலில் போவதென்று தெரியாமல் நின்றேன். அங்கிருந்த உதவியாளருக்கும் என்னை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியவில்லை.

என்னைப் போன்றவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் இதே சீர்திருத்தங்களால்தான். 1946 முதல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடுதான் இருந்தது. 1965 அக்டோபர் 3-இல் கையெழுத்தான குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து, தொழில் படித்தவர்களுக்கு முன்னுரிமை தந்தது. மெடிகேர் பணம் வந்ததும் மருத்துவமனைகள் விரிந்தன, பயிற்சி மருத்துவர்களின் சம்பளத்தையும் மெடிகேரே ஏற்றது, ஆள் பற்றாக்குறை. மதராஸ் மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை என்று நம் பிள்ளைகள், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. தேர்வு எழுதிவிட்டு விமானம் ஏறினார்கள். கறுப்பின மக்கள் அடிபட்டுச் சிறை சென்று திறந்த கதவு வழியாகத்தான் நாங்கள் உள்ளே வந்தோம். இங்குள்ள நம் குடும்பங்களில் இதைப் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

சட்டப்புள்ளி:

டாக்டர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முதியோர் இல்லங்களிலும் நிபந்தனை உறுதியாக அமலாகவில்லை. அங்கே பிரிவினை பல ஆண்டுகள் நீடித்தது. பணமும் நிபந்தனையும்தான் காரணம் என்று வைகைக்கரை எழுதுவதை இதனால்தான் நான் ஏற்கவில்லை.

பள்ளிகளிலும் பாருங்கள். 1965 ஏப்ரலில் கல்விச் சட்டம் வந்து மத்திய அரசுப் பணம் பாயத் தொடங்கியது. ஆறாம் பிரிவும் இருந்தது. ஆனாலும் 'விருப்பப்படி பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம்' என்ற தந்திரத்தில் பல மாவட்டங்கள் தப்பித்தன. 1968-இல் கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தந்திரத்தை ஒதுக்கிய பிறகுதான் வேகம் பிடித்தது. மருத்துவமனைக்கு மட்டும் தள்ளிப்போட முடியாத ஒரு தேதி இருந்தது. ஜூலை 1 காலையில் சான்று இல்லையென்றால் அன்று முதல் பணம் இல்லை.

புதுமாணவன்:

கடைசி வரை மறுத்த மருத்துவமனைகள் என்ன ஆயின?

வைகைக்கரை:

ஜூலை 1-இல் சான்று இல்லாமல் நின்றவை பெரும்பாலும் தென் மாநிலங்களில்தான். சான்று இல்லாத இடத்தில் அவசர சிகிச்சைக்கு மட்டும் மெடிகேர் பணம் கிடைக்கும். மாதங்கள் போகப் போக அவற்றில் பெரும்பாலானவை வழிக்கு வந்தன. சில மருத்துவமனைகள் இருவர் தங்கும் அறைகளை ஒருவர் அறையாக்கி, கலக்க வேண்டிய தேவையையே தவிர்க்கப் பார்த்தன.

சட்டப்புள்ளி சொன்ன தேதி விஷயத்தை ஏற்கிறேன். பணம், நிபந்தனை, தேதி, நேரில் போய்ப் பார்க்கும் ஆள், உள்ளிருந்து உண்மை சொல்லும் தொழிலாளி. இதில் ஒன்று குறைந்தாலும் நடந்திருக்காது.

டெல்டாக்காரி:

இப்போது என் மனதுக்கு நெருக்கமானதைச் சொல்கிறேன். மெடிகேர் 65 வயதானவர்களுக்கு. ஆனால் அதனால் பிழைத்தவர்களில் கைக்குழந்தைகள் உண்டு. மிசிசிப்பியில் கறுப்பினக் குழந்தைகள் பிறந்து முதல் மாதத்தைத் தாண்டிய பிறகு வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். நேரத்துக்கு மருத்துவமனையில் சேர்த்து நீரேற்றினால் பிழைக்கக்கூடிய உயிர்கள். 1965-க்குப் பிறகு சில ஆண்டுகளில் அந்தச் சாவு வேகமாகக் குறைந்தது. தாத்தாவின் காப்பீட்டுக்காகத் திறந்த கதவு வழியே பேரப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது.

சேர்க்க மட்டும் முடிந்தால் போதாது என்று கண்டவர்களும் இங்கே இருந்தார்கள். மவுண்ட் பாயு என்ற சிற்றூர், முன்னாள் அடிமைகள் உருவாக்கிய ஊர். அங்கே 1967-இல் ஜாக் கீகர் என்ற மருத்துவரும் சமூகப் பணியாளர் ஜான் ஹேட்சும் டெல்டா சுகாதார மையத்தைத் தொடங்கினார்கள். வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பணம். குழந்தைகள் பட்டினியால் நோயாகி வருவதைப் பார்த்த மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு பொருள் கொடுப்பார், மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பணம் போகும். வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்து, மருந்துப் பணத்தில் உணவா என்று கேட்டார். பட்டினி நோய்க்கு மருந்து உணவுதான் என்று மருத்துவ நூலில் இருக்கிறது என்றார் கீகர். வந்தவரால் பதில் சொல்ல முடியவில்லை. கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், கூட்டுறவுப் பண்ணை வைத்தார்கள்.

அதே மவுண்ட் பாயுவில் 1942 முதல் டபோரியன் மருத்துவமனை இருந்தது. கறுப்பின மக்கள் சிறு சந்தா கட்டித் தாங்களே நடத்தியது. பிரிவினை ஒழிந்ததும் இத்தகைய மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக நலிந்தன. செயின்ட் லூயிஸின் ஹோமர் ஜி. ஃபிலிப்ஸ் மருத்துவமனை தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின மருத்துவர்களையும் செவிலியர்களையும் பயிற்றுவித்தது. 1979-இல் மூடினார்கள், மக்கள் மறியல் செய்தும் நிற்கவில்லை. வெள்ளையர் மருத்துவமனை கதவைத் திறந்தது. கறுப்பினத்தவர் கட்டியவற்றைக் காப்பாற்ற யாரும் பணம் ஒதுக்கவில்லை. அதை இழப்பு என்றுதான் சொல்வேன்.

சட்டப்புள்ளி:

ஒரு தகவல். 2016-இல் கிரீன்ஸ்போரோவின் கோன் மருத்துவமனை நிர்வாகம் சிம்கின்ஸ் வழக்கின் வாதிகளில் அன்று உயிரோடு இருந்த டாக்டர் ஆல்வின் பிளவுண்டிடம் நேரில் மன்னிப்புக் கேட்டது. கொரியப் போரில் அறுவை மருத்துவராக இருந்தவர். அந்த மருத்துவமனையில் கத்தியைத் தொட அவருக்கு 1964 வரை அனுமதி இல்லை. அமெரிக்க மருத்துவர் சங்கமும் தன் பழைய பாகுபாட்டுக்கு 2008-இல் மன்னிப்புக் கேட்டது.

கணக்குப்பிள்ளை:

மெடிக்கெய்டை யாரும் தொடவில்லையே. மெடிகேர் நாடு முழுக்க ஒரே விதி. மெடிக்கெய்ட் மாநிலங்களின் விருப்பம், யாருக்கு எவ்வளவு என்பதையும் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்தன. அரிசோனா 1982-இல்தான் சேர்ந்தது. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் விட்டுவிட்டார்கள். தெற்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். 1965-இலும் ஏழைகளின் திட்டம் மாநிலங்களின் கையில் போனது எதனால்?

வைகைக்கரை:

மிகச் சரியான கேள்வி. அது மில்ஸ் செய்த சமரசத்திலிருந்து, அதற்கு முன் 1960-இல் வந்த கெர்-மில்ஸ் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டிய கதை. மாநிலம் விரும்பினால் ஏழை முதியவர்களுக்கு மருத்துவ உதவி தரலாம் என்ற அந்த ஏற்பாட்டையே விரித்து மெடிக்கெய்ட் ஆக்கினார்கள். இங்கே சேர்த்தால் இரண்டும் குழம்பும், தனி இழை போடுகிறேன். டெல்டாக்காரி அக்கா, மிசிசிப்பி மெடிக்கெய்டில் எப்போது, எப்படிச் சேர்ந்தது என்பதை அங்கே நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.